கச்சான் கோதுக்குள் சுற்றும் எஞ்சின்

நான் இப்போது பாடம் எடுக்கும் பயிற்சி நிலையத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், எப்படியும் முதல் மாதத்துக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்.

"மிஸ், நீங்கள் மெய்யாவே றோட்டரி எஞ்சின் கழட்டின ஆளோ?"

கழற்றவில்லை. கழற்றவேண்டி வராமல் பார்த்துக்கொண்டோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் நிலையத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

முப்பது வயதைத் தாண்டிய கையோடு ஒருத்தி 'ஓய்வு பெற்றுவிட்டேன்' என்று சொன்னால் சிரிப்பார்கள். என் அப்பாவே சிரித்தார். "கடலுக்குப் போறவன் எழுவது வயசு மட்டும் போறான். உனக்கு இப்பவே பென்சனோ?" என்றார். ஆனால் கராஜ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றது உண்மை. பெற்றோலும் எஞ்சின் ஒயிலும் என் கைத்தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அரிப்பு, பிறகு வெடிப்பு, பிறகு கையுறைக்குள்ளும் இரத்தம். தோல் வைத்தியர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலையை மாத்துங்கோ, இல்லாட்டிக் கையை மாத்தவேணும்" என்றார். வேலையை மாற்றினேன். அதற்கு முன்னர் அந்தக் கைகள் பார்த்தவற்றில் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னார்க் கடலோரத்தில் தாழ்வுபாடு என்ற கிராமத்துப் பிள்ளை. அப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா கருவாடு போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பம் எடுத்தேன், பிறகு வாகனத் திருத்தம் படித்தேன். வகுப்பில் பதினெட்டுப் பொடியன்களும் நானும். அந்த வருடங்களில் எழுத அதிகமில்லை, ஒரு பக்கத்தைத் தவிர. எஞ்சின் வகைகள் என்ற பாடத்தில் றோட்டரி எஞ்சினின் படம் ஒன்று இருந்தது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம், இரட்டைப் பருப்புக் கச்சான் கோதை, அதாவது வேர்க்கடலைக் கோதைப் போல நடுவில் ஒடுங்கிய ஓர் அறைக்குள் சுற்றுகிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளும் எப்போதும் அறையின் சுவரைத் தொட்டபடியே போகின்றன. அதனால் மூன்று பக்கமும் மூன்று அறைகள். ஒன்று பெற்றோலும் காற்றும் இழுக்கும்போது அடுத்தது நெரிக்கும், மற்றது எரித்துத் தள்ளும். படிப்பித்தவர், "இது உங்களுக்குச் சோதினைக்கு வராது, மன்னாருக்கும் வராது" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். நான் இடைவேளையில் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். மூன்று முனையும் எப்படிச் சுவரை விடாமல் தொடுகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்றை நான் இலேசில் விடுகிறவள் அல்ல.

வேலைக்குப் போனது மன்னார் ரவுணுக்குள், கிளமென்ட் அண்ணாவின் கராஜுக்கு. முன்பக்கம் வாகனங்கள், பின்பக்கம் படகு எஞ்சின்கள். கிளமென்ட் அண்ணாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அவருடைய கராஜில் ஒரு சட்டம் இருந்தது. கதை கேட்காமல் பொனட் திறக்கக்கூடாது.

வாகனம் வந்து நின்றதும் அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போடுவார். உரிமையாளர் அதில் இருக்கவேண்டும். கையில் பால் விடாத பிளேன்ரீ கொடுப்பார். பிறகு ஒரே ஒரு வசனம்: "கடைசியா நல்லா ஓடின நேரத்தில இருந்து சொல்லுங்கோ." சொல்லும்போது இடையில் பேசமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பிளக் இடைவெளி பார்க்கும் தகட்டால் நகத்துக்குள் இருக்கும் கிறீஸைக் கிண்டிக்கொண்டிருப்பார். யாராவது, "பம்ப் பழுதெண்டு நினைக்கிறன்" என்று தொடங்கினால் மட்டும் கண் திறக்கும். "நினைச்சதைப் பேந்து கேக்கிறன். நடந்ததைச் சொல்லுங்கோ." அவருக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு: திடீரெண்டு. "எஞ்சினில திடீரெண்டு ஒண்டும் நடக்காது. நீங்கள் திடீரெண்டு கண்டனீங்கள், அவ்வளவுதான்."

எனக்கு முதலில் இது நேரத்தை வீணாக்கும் வேலையாகப் பட்டது. நான் சான்றிதழோடு வந்தவள். எரிபொருள், தீப்பொறி, நெரிப்பு என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு போனால் பழுது தன்பாட்டில் அகப்படும் என்று அவரிடமே சொன்னேன். "அகப்படும். ஆனா கதை கேட்டா எங்க முதல் பாக்கிறது எண்டு தெரியும்" என்றார். கோபமில்லை. அவர் கோபப்பட்டு நான் கண்டதே இல்லை.

ஓலைத்தொடுவாயிலிருந்து ஒரு ஓட்டோ வந்தது நினைவிருக்கிறது. ரவுணுக்கு வரும்போது இரண்டு மூன்று இடத்தில் நின்றுவிடும். திரும்பிப் போகும்போது நிற்காது. நான் கார்பரேற்றரைக் கழற்றத் துடித்துக்கொண்டு நின்றேன். கிளமென்ட் அண்ணா கதிரையைப் போட்டார். ஓட்டோக்காரர் கதை சொன்னார். விடிய எழும்பியதிலிருந்து தொடங்கி, மனைவியோடு பிடித்த சண்டையையும் சேர்த்துச் சொன்னார்.

"வரேக்கை என்ன கொண்டு வாறனீங்கள்?"

"கருவாட்டுச் சாக்கு. பின்னால கட்டிக்கொண்டு வருவன்."

"போகேக்கை?"

"போகேக்கை என்ன, வெறும் ஓட்டோதான்…" என்றவர் நிறுத்திவிட்டார். எழும்பிப் பின்பக்கம் போய், சாக்கு வழமையாகத் தொங்கும் இடத்தைப் பார்த்தார். எஞ்சின் காற்று இழுக்கும் துவாரம் சரியாக அந்த இடத்தில் இருந்தது. "ஐயோ, என்ர கருவாடே என்ர எஞ்சினை மூச்சடைக்கப் பண்ணியிருக்குது!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்று ஓர் ஆணியும் கழற்றவில்லை. அதற்குப் பிறகு கதிரையை நானே கொண்டுவந்து போடத் தொடங்கினேன்.

இனி அந்தக் கார்.

என் கராஜ் வாழ்க்கையின் கடைசி வருடம். கைகள் வெடிக்கத் தொடங்கிவிட்டன, ஆனால் நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை முற்பகலில், கயிறு கட்டி இழுபட்டபடி ஒரு கருநீலக் கார் வந்து சேர்ந்தது. தாழ்வான, இரண்டு பெரிய கதவுள்ள ஜப்பான் கார். அதற்குப் பின்னால் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று இன்னும் ஆறேழு. எல்லாம் றோட்டரி. கொழும்பு, நீர்கொழும்பு, வவுனியா என்று பல இடத்திலிருந்தும் அந்த எஞ்சினில் பைத்தியமானவர்கள் சேர்ந்து, தலைமன்னார் மட்டும் ஓடிப் பார்க்க வந்திருந்தார்கள். புத்தகத்தில் புரட்டப்பட்ட பக்கம் வரிசையாக எங்கள் வாசலில் வந்து நின்றது. நான் கையிலிருந்த ஸ்பனரை எங்கே வைத்தேன் என்று பிறகு தேடவேண்டியிருந்தது.

நீலக் காரின் உரிமையாளர் ஒரு பெண். சர்மிளா அக்கா, வவுனியாவில் நில அளவையாளராக இருப்பவர். வெயிலில் அலைந்து கறுத்த முகம், வயல் வரம்புகளில் நடந்த சப்பாத்து. அவருக்குப் பக்கத்தில் கழுத்தில் கூலிங் கிளாஸ் தொங்க, கையில் ஒரு சிறிய பெட்டியோடு நின்றவர் பிரகாஷ். கொழும்புக்காரர். குழுவில் யாருடைய கார் முணுமுணுத்தாலும் முதலில் பார்ப்பவர் அவர்தான். பெட்டிக்குள் இருந்தது றோட்டரி எஞ்சினின் நெரிப்பை அளக்கவென்றே செய்த கருவி. நான் அப்படியொன்றைக் கண்டதேயில்லை.

"எஞ்சின் முடிஞ்சிருச்சு" என்றார் பிரகாஷ், கிளமென்ட் அண்ணாவிடம். "ரெண்டு றோட்டரும் அளந்து பாத்தாச்சு. நெரிப்பே இல்ல. முனை சீல் எல்லாம் போயிருச்சு. பின்னேரம் கார் ஏத்துற கரியர் லொறி வரும். அதுவரைக்கும் நிழல் மட்டும் குடுங்க, போதும்."

றோட்டர் என்பது அந்த முக்கோணம்தான், இந்தக் காரில் இரண்டு. அதன் முனைகள் சுவரைத் தொடுகின்றன என்றேனே, அந்தத் தொடுகையைச் செய்வது முனைக்கு முனை பொருத்திய மெல்லிய உலோகத் துண்டு. அதுதான் சீல். சீல் தேய்ந்தால் நெரிப்பு ஒழுகும். எஞ்சினைப் பிரித்து, உள்ளே எல்லாம் புதிதாகப் போடவேண்டும். சர்மிளா அக்கா அதை ஏற்கெனவே ஒருமுறை செய்தவர். அப்போது வீட்டிலும் குழுவிலும் எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார், இன்னொரு தரம் எஞ்சின் போனால் காரை விற்றுவிடுவேன் என்று. விபத்தில் நசுங்கிய தன் இரண்டாவது காருக்கு உடம்பு தேடிக்கொண்டிருந்த பிரகாஷ், அன்று காலையிலேயே வாங்கிக்கொள்வதாகக் கேட்டிருந்தார். அக்கா ஓம் என்று சொல்லியும்விட்டார். வரவிருந்த கரியர், காரை வவுனியாவுக்கு அல்ல, கொழும்புக்குக் கொண்டுபோவதற்கு.

கிளமென்ட் அண்ணா எல்லாவற்றையும் கேட்டார். "நிழல் தாறன். ஆனா என்ர கராஜுக்குள்ள நிக்கிற வாகனத்தின்ர கதை எனக்குத் தெரியவேணும்." என்னைப் பார்த்தார். நான் கதிரையைப் போட்டேன்.

"இது என்ன, பாவசங்கீர்த்தனமா?" என்று குழுவில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். சர்மிளா அக்கா சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தார். பிளேன்ரீயை வாங்கினார்.

"நேற்றுப் பின்னேரம் வவுனியாவில இருந்து வந்தனான். சோக்கா ஓடினது. விடுதி முற்றத்தில நிப்பாட்டினன். நல்ல சூட்டில, ஒருக்கா உறுமவிட்டுத்தான் நிப்பாட்டினன். இண்டைக்கு விடியத் திருக்கேதீச்சரக் கோயிலுக்குப் போயிட்டு வந்தம், இன்னொராளின்ர வாகனத்தில. வந்து சாப்பிட்டிட்டு ஸ்டார்ட் பண்ணினா, திடீரெண்டு…"

கிளமென்ட் அண்ணாவின் ஒரு கண் திறந்தது.

"சரி, திடீரெண்டு இல்லை. ஸ்டார்ட் வரேல்லை. சுத்துது, பிடிக்குதில்லை. பற்றறி களைக்கும் மட்டும் அடிச்சுப் பாத்தம்."

"இண்டைக்கு விடிய காரைத் தொட்டனீங்களோ?"

"நான் தொடவேயில்லை."

"அப்ப இரவு நிண்ட இடத்திலதான் நிண்டதோ?"

அக்கா யோசித்தார். "இல்லை. நாங்கள் வரேக்கை எல்லாக் காரும் கடற்கரைப் பக்கம் வரிசையா நிண்டது. ஃபோட்டோவுக்கு."

"ஆர் வரிசைப்படுத்தினது?"

எல்லாத் தலைகளும் பிரகாஷின் பக்கம் திரும்பின. வெளியே போனால் கார்த் திறப்புகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவது அந்தக் குழுவின் வழக்கமாம். அக்கா எழும்பிக் கதிரையைக் காட்டினார். பிரகாஷ் சிரித்துக்கொண்டே வந்து இருந்தார்.

"கதை பெரிசா ஒண்ணுமில்ல. காலைல வெயில் ஏறமுன்னம் ஃபோட்டோ எடுக்கணும். எல்லாக் காரையும் நான்தான் எடுத்து வச்சேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கடைசில நீலம். மெடத்தோட கார ஸ்டார்ட் பண்ணி, கொண்டுபோய் வச்சு, நிப்பாட்டினேன். அப்புறம் ஃபோட்டோ எடுக்கிற தம்பி சொன்னான், நீலம் கடலோட சேந்து தெரியாமப் போகுது, நடுவுல வைங்கண்ணு. சரீண்ணு திரும்ப ஸ்டார்ட் பண்ணி நடுவுல வச்சு, நிப்பாட்டினேன். அதுக்கப்புறம் பனைமரத்து நிழல் பொனட்டுல விழுதுண்ணான். கொஞ்சம் பின்னால எடுத்து, நிப்…"

வாய் திறந்தபடியே நின்றது. பிளேன்ரீ கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐயோ" என்றார். "ஐயோ, ஐயோ."

குழுவில் பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகத் தொடங்கினார்: "ஒன்றாவது கட்டளை…" இன்னொருவர் தொடர்ந்தார்: "குளிர்ந்த றோட்டரியை ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்தாதே." "யார் அருளியது?" "பிரகாஷ் அண்ணன் அருளியது!" கராஜ் கூரை அதிரச் சிரித்தார்கள்.

சிரிப்பின் காரணத்தை அவர்களே எனக்கு விளக்கினார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் திருத்த, எனக்கு ஆனந்தம். குளிராக இருக்கும்போது எஞ்சின் அதிகமாகப் பெற்றோல் குடிக்கும். கொஞ்சத் தூரம் நகர்த்திவிட்டு நிறுத்தினால் அந்தப் பெற்றோல் எரியாமல் அறைக்குள் தேங்கி, சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிவிடும். ஒயில் இல்லாவிட்டால் சீல் நன்றாக இருந்தாலும் நெரிப்பு ஒழுகும். அதோடு பற்றறியும் களைத்திருந்தால் எந்தக் கருவியும் செத்த எஞ்சின் என்றுதான் காட்டும். கருவி பொய் சொல்லவில்லை, பிரகாஷும் பொய் சொல்லவில்லை. அவருடைய பழைய கார் கார்பரேற்றர் போட்டது, அதில் பெற்றோல் இப்படித் தேங்குவது குறைவு. அதை ஆண்டுக்கணக்காக இப்படி அசைத்து அசைத்து வைத்து, கை பழகிவிட்டது. வாய் மற்றவர்களுக்குக் கட்டளை சொல்ல, கை தன்பாட்டில் திறப்பைத் திருப்பியிருக்கிறது.

எனக்கு வேறொன்று பட்டது. அந்தக் கார் அவருக்கு வேண்டும். 'ஃபோட்டோவுக்குக் கொண்டுபோய் வச்சேன்' என்று ஒரு வரியில் முடித்திருந்தால், கிளமென்ட் அண்ணா மேலும் கேட்டிருப்பாரோ தெரியாது. அவர் பனைமர நிழல் வரைக்கும் சொன்னார்.

சர்மிளா அக்கா சிரிப்பில் சேரவில்லை. "மூண்டு தரமோ, பிரகாஷ்?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு தரம், மெடம்."

"பொனட்டைத் திறக்கட்டோ?" என்று கிளமென்ட் அண்ணா என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டால், நீ திற என்று அர்த்தம்.

முதலில் பெற்றோல் பம்பின் பியூஸைப் பிடுங்கினேன், இனி ஒரு துளியும் உள்ளே போகாதபடி. றோட்டருக்கு இரண்டாக நான்கு பிளக். அவை இருந்த இடத்தை பிரகாஷ் காட்டினார். சக்கரப் பக்கத்தால் கையை நுழைக்கவேண்டும். நான்கும் நனைந்து வந்தன. கையுறையோடு பிடி கிடைக்கவில்லை, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் எடுத்தேன். வெடிப்புகளில் பெற்றோல் பட்டு, கண்ணால் தண்ணீர் வந்தது. "புகையோ?" என்றார் அக்கா. ஓம் என்றேன், புகை எதுவும் இல்லாத இடத்தில்.

லொறி பற்றறி ஒன்றைத் தொடுத்துச் சுற்றவிட்டோம். பிளக் துவாரங்களால் பெற்றோல் தூவானமாகப் பறந்தது. அது அடங்கியதும் எங்கள் சாதாரண அளவுமானியை எடுத்து, அதன் அடிவால்வைக் கழற்றிவிட்டுப் பொருத்தினேன். வால்வு இருந்தால் முள் உச்சத்தில் போய் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு துள்ளு துள்ளும். முள் அசைந்தது என்று சொல்லலாம், துள்ளவில்லை.

"இனி ஒயில்" என்றார் கிளமென்ட் அண்ணா.

ஒயில் என்றதும் ஒரே அமளி. படகு எஞ்சினுக்கு நாங்கள் மண்ணெண்ணெயோடு கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஒயிலைத்தான் இவர்களும் பெற்றோலோடு கலக்கிறார்கள், சீல் தேயாதிருக்க. ஒவ்வொருவர் டிக்கிக்குள்ளும் ஒரு போத்தல் இருந்தது. ஒவ்வொருவரும் தன்னுடையதுதான் நல்லது என்றார்கள். கிளமென்ட் அண்ணா யாரையும் கேட்காமல் பின்பக்கம் போய், படகு அலுமாரியில் இருந்த போத்தலை எடுத்து வந்தார். துவாரத்துக்குக் கொஞ்சம் விட்டுச் சுற்றினோம். மறுபடி அளவுமானி.

முன் றோட்டரில் முள் துள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே உயரம். புத்தகத்தில் விளங்காத அந்த மூன்று முனைகளும் சுவரைத் தொட்டுக்கொண்டு என் கண்முன்னே போயின. வாய்விட்டு எண்ணிவிட்டேன்போல, பிரகாஷும் என்னோடு சேர்ந்து எண்ணினார். பின் றோட்டரில் ஒன்று, இரண்டு, மூன்றாவது சற்றுக் கட்டை. திரும்பச் சுற்றினோம். திரும்பவும் மூன்றாவது கட்டை. பிரகாஷும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

காய்ந்த பிளக்குகளைப் பூட்டி, பியூஸைப் போட்டதும், அக்கா ஏறித் திறப்பைத் திருப்பினார். சுற்றியது, இருமியது, பிடித்தது. வெள்ளைப் புகை. கராஜ், தெரு, எதிர்க்கடை எல்லாம் மறைந்தன. புகைக்குள்ளிருந்து என் அப்பாவின் குரல் வந்தது. திருத்தக் கொடுத்த படகு எஞ்சினை எடுக்க அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார்.

"என்ன பிள்ளை, இவ்வளவு வடிவான காருக்குள்ள எங்கட போட் எஞ்சினையே பூட்டிவிட்டனியள்?"

எல்லோரும் கைதட்டினார்கள். கிளமென்ட் அண்ணா தட்டவில்லை. ஜன்னலருகே குனிந்தார்.

"தங்கச்சி, இப்ப ஒயில் போட்டுத்தான் பிடிச்சிருக்குது. இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. நல்லாச் சூடாகுமட்டும் ஓடுங்கோ. பேந்து நிப்பாட்டி, கொஞ்சம் விட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ. சூட்டில திரும்பப் பிடிச்சா எஞ்சின் சுகம். பிடிக்காட்டி பின் றோட்டரில சீல் போயிட்டுது. அப்ப பிரகாஷ் தம்பி சொன்னதுதான் சரி, வித்துப்போடுங்கோ."

அக்கா என்னைப் பார்த்தார். "ஏறும்."

தலைமன்னார் வீதியில் போனோம். எஞ்சினின் சத்தம் உறுமல் அல்ல. ஒரு பெரிய தும்பி கண்ணாடிப் போத்தலுக்குள் அகப்பட்டதுபோல ஒரே இழையாகப் போகும் சத்தம். பேசாலையைத் தாண்டும்போது வீதியில் கழுதைகள் நின்றன. அக்கா ஹோர்ன் அடிக்கவில்லை. அவை நகரும் வரை, நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். தெற்கே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

நான் அத்தனை நேரமும் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "அக்கா, இது பெற்றோல் குடிக்குது. ஒயில் குடிக்குது. அசைக்கப் பயம், நிப்பாட்டப் பயம். ஏன் இதை வைச்சிருக்கிறீங்கள்?"

"வீட்டிலயும் இதைத்தான் கேக்கினம்" என்றார். "பிஸ்டன் என்ன செய்யுது? மேல போகுது, நிக்குது, கீழ வருது, நிக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தரம் நிண்டு திரும்புது. என்ர வேலையும் அப்பிடித்தான். ஒரு காணிக்குப் போய் அளந்து, கந்தோருக்கு வந்து, திரும்ப அதே காணிக்குப் போய். இது ஒருக்காலும் நிண்டு திரும்பாது. ஒரே பக்கம் சுத்திக்கொண்டே போகும். முதன்முதல் ஒருத்தர் இதைப் படம் கீறிக் காட்டேக்கை எனக்கு நம்பவே ஏலாமல் இருந்தது. அந்த மூண்டு முனையும் எப்பிடிச் சுவரை விடாமல் போகுது எண்டு…"

"எனக்கும் அதுதான் விளங்கேல்லை!" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"உமக்கு இப்ப விளங்கிட்டுதோ?"

"இண்டைக்குக் கண்டனான். விளங்கினது பாதி."

"எனக்கும் பாதிதான். மற்றப் பாதிக்காகத்தான் வைச்சிருக்கிறன்" என்று சிரித்தார்.

வீதி முடிகிற இடத்தில், பழைய இறங்குதுறைக்கு முன்னால் நிறுத்தினார். சூட்டு முள் நடுவில் வந்து நின்றுவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கை திறப்பில் இருந்தது, திருப்பவில்லை.

"நிப்பாட்டாமலே வவுனியாவுக்குப் போயிடலாம், என்ன?"

"போகலாம் அக்கா. ஆனா இது குடிக்கிற குடிக்கு வழியில பெற்றோல் அடிக்கவேணும். அதுக்கு நிப்பாட்டத்தான் வேணும்."

"நீர் பொல்லாத ஆள்" என்றார். ஒருமுறை உறுமவிட்டார். திறப்பைத் திருப்பினார்.

காற்று மட்டும் கேட்டது. பிறகு சூடான இரும்பு சுருங்கும் டிக், டிக். அக்கா இறங்கினார். ஜன்னலால் கையை நீட்டித் திறப்பை என்னிடம் தந்தார். "நான் சொல்லமாட்டன். உமக்கு எப்ப சரியெண்டு படுதோ அப்ப திருப்பும்." சொல்லிவிட்டு இறங்குதுறைப் பக்கம் நடந்தார். கடலைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றார்.

நான் சாரதிக் கதிரைக்கு மாறினேன். சூடு முழுதாக ஊறும் வரை பொறுத்திருந்தேன். கை எரிந்தது. திருப்பினேன்.

சுற்றியது. பிடிக்கவில்லை. விட்டேன். அக்காவின் முதுகு அசையவில்லை. அந்தக் கட்டையான மூன்றாவது துள்ளல் என் கண்ணுக்குள் நின்றது. மறுபடி திருப்பினேன். சுற்றியது, சுற்றியது, ஒரு துள்ளல் கேட்டது, அடுத்தது கேட்டது, பிறகு எண்ண முடியாமல் ஒன்றோடொன்று சேர்ந்து தும்பி பறக்கத் தொடங்கியது. புகை இல்லை.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கினார். நெடுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு வந்து, தொலைபேசியை எடுத்து பிரகாஷுக்கு அழைத்தார்.

"பிடிச்சிச்சா மெடம்?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

அக்கா காருக்குப் பின்னால் போய்க் குனிந்து, தொலைபேசியைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். கடற்காற்று அள்ளிக்கொண்டு போகாதபடி மற்றக் கையால் மறைத்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். மறுமுனையில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பின் றோட்டரும் சீராத்தான் இருக்கு, மெடம்" என்றார் கடைசியாக. "கரியர் வந்து நிக்குது. நான் திருப்பி அனுப்பிடறேன்."